எந்தக் கோலால் அளந்த எண்?

கடந்த 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி, சண்டீகரில் நடைபெற்ற நிகழ்ச்சியில் மிக்-21 போர் விமானங்களுக்கு இந்திய விமானப் படை விடை கொடுத்தது. 1963-இல் அதே சண்டீகரில் தொடங்கிய பணி, அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நிறைவு பெற்றது. சோவியத் ஒன்றியத்தில் வடிவமைக்கப்பட்ட அந்த விமானம் அந்த ஒன்றியத்தைவிட நீண்ட ஆயுள் பெற்றது. இனி அதை அறிய விரும்புவோர், காட்சிக்கு நிறுத்தப்பட்ட விமானங்களையும் நூல்களையும் வரைபடங்களையும் மாதிரி உருக்களையுமே நம்ப வேண்டும்.

சோவியத் மரபில் வந்த விமானங்கள் காவிரிப் படுகைக்கும் அந்நியமானவை அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவான தஞ்சாவூர் விமானத் தளம், 2013-ஆம் ஆண்டு மே மாதம் முழு அளவிலான விமானப் படை நிலையமாகத் திறக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் தேதி, 'டைகர் ஷார்க்ஸ்' எனப்படும் 222-ஆவது படைப்பிரிவு சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களுடன் அங்கு நிலைகொண்டது. 1969-இல் சுகோய்-7 விமானங்களோடு தொடங்கப்பட்டு, 1985-இல் மிக்-27 விமானங்களுக்கு மாறிய படைப்பிரிவு அது. அரை நூற்றாண்டில் அது ஏற்ற மூன்று விமானங்களும் சோவியத் வடிவமைப்புக் கூடங்களின் வழி வந்தவையே.

நடவு வயல்களுக்கு மேலே இடியோசையுடன் கடந்து செல்லும் சுகோயை அண்ணாந்து பார்க்கும் மாணவர் ஒருவருக்கு, அதைப் போலவே ஒன்றைச் செய்து பார்க்கும் ஆசை வருவது இயல்பு. அட்டையிலோ மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ அவர் அதைச் செய்யலாம். ஆனால், கத்தியைக் கையில் எடுக்கும் முன்பே ஒரு கேள்வி எழும். இந்த விமானத்தின் சரியான அளவு என்ன? ஒரு நொடியில் இணையத்தில் விடை கிடைக்கும். சிக்கல் அந்த விடையிலிருந்துதான் தொடங்குகிறது.

மாதிரி விமானக் கலையில் பொதுவாகப் புழங்கும் அளவு விகிதங்கள் 1/144, 1/72, 1/48, 1/32 என்பவை. இவற்றில் 1/72 என்பது பிரிட்டிஷ் அளவை முறையில் பிறந்தது. ஆறடியை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் கிடைப்பது 72-இல் ஒரு பங்கு. ஆறடி மனிதர் அதில் ஓர் அங்குல உயரம் இருப்பார். 1930-களில் பிரிட்டனில் மாதிரி விமானங்களுக்கு இந்த விகிதம் பரவியது. இரண்டாம் உலகப் போரின்போது எதிரி விமானங்களை இனம் காணும் பயிற்சிக்காக, அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் செதுக்கித் தந்த மர விமானங்களும் இதே விகிதத்தில் அமைந்தன. சோவியத் விமானங்களோ மெட்ரிக் அளவில் வரையப்பட்டவை. ஆகவே, அடியையும் மீட்டரையும் மாற்றி மாற்றிக் கணக்கிட்டு, இடையில் பின்னங்களை முழு எண்ணாக்கிய அட்டவணைகளில் தொடக்கத்திலேயே சிறு பிழைகள் நுழைந்துவிடுகின்றன.

சுகோய்-30 விமானத்தின் நீளம் 21.935 மீட்டர், இறக்கைகளின் நுனிக்கு நுனி அகலம் 14.7 மீட்டர் என்று வெளியீடுகள் கூறுகின்றன. 1/72 விகிதத்தில் நீளம் 304.7 மில்லிமீட்டர், அகலம் 204.2 மில்லிமீட்டர். மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், உண்மையான விமானத்தில் அது 7.2 சென்டிமீட்டர். அதைக் கண் பொறுத்துக்கொள்ளும். மூக்கு ஒரு சென்டிமீட்டர் நீண்டுவிட்டால், விமானம் முக்கால் மீட்டர் நீண்டதாகப் பொருள். அப்போது பார்ப்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும், 'இது அது இல்லை' என்று தோன்றிவிடும்.

எல்லா விமானங்களுக்கும் பொதுவான இந்தச் சிக்கல், சோவியத் விமானங்களில் மட்டும் பெருகியதற்குக் காரணம் ரகசியம். ஒரு போர் விமானத்தின் நீளமும் இறக்கையின் பரப்பும் தெரிந்தால், அதன் எரிபொருள் கொள்ளளவையும் வேகத்தையும் தொலைவையும் எதிரி ஓரளவு கணித்துவிட முடியும். எனவே, அளவுகளே ஆயுத ரகசியங்களாயின. சோவியத் அறிவியல் நூல்கள் தமிழில் மலிவு விலையில் வந்து குவிந்த காலம் ஒன்று இருந்தது. பெரல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்தது. அந்தத் தாராளம் போர் விமானங்களின் அளவுகளுக்கு நீளவில்லை.

மேற்குலக ஆய்வாளர்கள் என்ன செய்தனர்? செயற்கைக்கோள் படங்களையும் மாஸ்கோ அணிவகுப்பில் எடுத்த புகைப்படங்களையும் வைத்து ஊகித்தனர். அந்த ஊகங்களை வைத்து ஓவியர்கள் வரைந்தனர்; ஓவியங்களை வைத்து மாதிரி நிறுவனங்கள் அச்சு வார்த்தன. ஊகம் எவ்வளவு தவறக்கூடும் என்பதற்கு மிக்-25 சாட்சி. 1976-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி விக்டர் பெலென்கோ என்ற சோவியத் விமானி, தன் மிக்-25 விமானத்துடன் ஜப்பானின் ஹகோதாதே நகரில் தரையிறங்கித் தஞ்சம் கேட்டார். விமானத்தைப் பிரித்துப் பார்த்த அமெரிக்க வல்லுநர்கள் திகைத்தனர். எடை குறைந்த டைட்டானியத்தாலான, வானில் சுழன்று சண்டையிடும் விமானம் என்று அஞ்சப்பட்டது, பெரும்பகுதி எஃகினால் ஆன, நேர்கோட்டில் அதிவேகமாகப் பறப்பதற்கென்றே அமைந்த கனத்த விமானமாக இருந்தது. வெளியிலிருந்து அதன் பெரிய இறக்கையைப் பார்த்து அவர்கள் செய்த கணிப்பு, உள்ளே இருந்த பொருளைக் கண்டதும் சரிந்தது.

தஞ்சாவூர் வானில் இன்று பறக்கும் சுகோயின் முன்னோடியான சுகோய்-27-க்கும் இதே கதைதான். அதன் முதல் மாதிரி 1977-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதி பறந்தது. எதிர்பார்த்த திறன் கிடைக்காததால், இறக்கை முதல் வால் வரை ஏறத்தாழ முழுமையாக மாற்றி வரையப்பட்டு, 1981-இல் புதிய வடிவம் பறந்தது. வெளியுலகுக்கு முதலில் கிடைத்த படங்களோ, கைவிடப்பட்ட பழைய வடிவத்தினுடையவை. அவற்றை நம்பி வரைந்தவர்கள், படையில் சேராத ஒரு விமானத்தைத்தான் வரைந்தனர். மிக்-29 விமானம் 1986-இல் பின்லாந்துக்கும் 1988-இல் பிரிட்டனின் ஃபார்ன்பரோ கண்காட்சிக்கும் வந்து நின்ற பிறகே, அதன் முந்தைய ஓவியங்கள் எங்கெல்லாம் பிசகின என்று உலகுக்குத் தெரிந்தது.

இந்தப் பற்றாக்குறை வேடிக்கையான எல்லைக்கும் சென்றது. 1987-இல் 'டெஸ்டர்ஸ்' என்ற அமெரிக்க நிறுவனம், சோவியத் நாட்டின் ரேடாருக்குப் புலப்படாத விமானம் என்று 'மிக்-37' என்ற பெயரில் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்படி ஒரு விமானமே இல்லை. பெட்டிக்குள் பாகங்கள் இருந்தன. ஒட்டுவதற்கான குறிப்புகள் இருந்தன. அளவெடுப்பதற்கு விமானம்தான் இல்லை.

சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு ஆவணங்கள் வெளிவந்தன. விமானங்கள் அருங்காட்சியகங்களுக்கு வந்தன. ஆனாலும், பழைய பிழைகள் மறையவில்லை. ஒரு நூலில் அச்சான எண் அடுத்த நூலுக்குச் சென்று, அங்கிருந்து இணையத்துக்கு வந்து, இன்று நூறு பக்கங்களில் ஒரே எண்ணாக நிற்கிறது. நூறு பேர் சொல்வதால் நூறு சாட்சிகள் ஆகிவிடுவதில்லை. ஒருவர் சொன்னதை மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் படியெடுத்திருந்தால் சாட்சி ஒன்றே.

அதைவிடப் பெரிய சிக்கல், எண் சரியாக இருந்தும் பொருள் தவறுவது. மிக்-21 விமானத்தின் நீளம் 15.76 மீட்டர் என்று பல நூல்களில் காணலாம். வேறு சிலவற்றில் 14.5 அல்லது 14.7. இன்னும் சிலவற்றில் சுமார் 12.3 மீட்டர். எது சரி? 15.76 என்பது, மூக்கின் முன்னே ஈட்டிபோல நீண்டிருக்கும் காற்றழுத்தம் அளக்கும் பிடாட் குழாயையும் சேர்த்த நீளம். 12.3 என்பது, காற்று நுழையும் வாயின் விளிம்பிலிருந்து பின்புறப் புகைபோக்கியின் முனை வரையிலான உடலின் நீளம். இடைப்பட்ட எண்கள், குழாயை விட்டுவிட்டு வால் சிறகுகளின் பின்முனை போன்ற வேறு புள்ளிகளைக் கணக்கில் கொண்டவை. முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் உள்ள வேறுபாடு கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர். 1/72 மாதிரியில் அது 48 மில்லிமீட்டர். குழாயின் நீளத்தையும் உடலோடு சேர்த்துக்கொண்டு செதுக்கியவரின் மிக்-21 என்னவாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

222-ஆவது படைப்பிரிவின் இரண்டாவது விமானமான மிக்-27 இதைவிடச் சிக்கலானது. அதன் இறக்கைகள் பறக்கும்போதே விரிந்து மடங்குபவை. முழுதும் விரிந்தால் நுனிக்கு நுனி 13.97 மீட்டர், பின்னோக்கி மடங்கினால் 7.78 மீட்டர். இரண்டும் உண்மை, எந்த நிலையில் என்று சொல்லாவிட்டால் இரண்டுமே பயனற்றவை. அது மட்டுமல்ல. மிக்-23, மிக்-27 குடும்பத்தின் கையேடுகளும் விமானி அறையின் காட்டியும் இறக்கையின் சாய்வுக் கோணங்களை 16, 45, 72 பாகை என்றே குறித்தன. இறக்கையின் முன்விளிம்பில் அளந்தால் கிடைப்பதோ 18 பாகை 40 கலை, 47 பாகை 40 கலை, 74 பாகை 40 கலை. அதிகாரபூர்வக் கையேட்டையே அப்படியே நம்பி வெட்டியவரின் இறக்கையும் ஏறத்தாழ மூன்று பாகை பிசகும்.

சோழ மண்டலத்தாருக்கு இது புதிய பாடம் அல்ல. ராஜராஜன் காலத்தில் நிலம் அளக்கப்பட்டபோது, ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கெழுதியதைக் கல்வெட்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். அந்த நுட்பத்தைவிட நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்று பல அளவுகோல்கள் வழக்கில் இருந்ததால், நிலத்தின் அளவோடு அது எந்தக் கோலால் அளக்கப்பட்டது என்பதையும் எழுதிவைத்தனர். கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே பொறித்தும் வைத்தனர். ஐயம் வந்தால் யாரும் சென்று ஒப்பிட்டுக்கொள்ளலாம். கோலின் பெயர் இல்லாத எண் வெறும் எண்தான், அளவு ஆகாது. விமான அட்டவணைகளில் காணாமற்போவது அந்தக் கோலின் பெயர்தான்.

அடுத்து, எந்த ரகம் என்ற கேள்வி. மிக்-21 என்பது ஒரு விமானத்தின் பெயரல்ல. ஒரு குடும்பத்தின் பெயர். இந்தியாவுக்கு முதலில் வந்தது எஃப்-13 ரகம். இங்கே 'டைப் 74' என்று அழைக்கப்பட்டது. நாசிக்கில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் முதலில் பெருமளவில் உருவாக்கியது எஃப்.எல். ரகம், அது 'டைப் 77'. பிறகு 'டைப் 96', அதன்பின் 'டைப் 75' என்ற பிஸ் ரகம். எஃப்-13-இன் காற்று வாயின் விட்டம் 690 மில்லிமீட்டர். அதை அடுத்து வந்த பி.எஃப். ரகத்தில் பெரிய ரேடாரைப் பொருத்துவதற்காக அது 870 மில்லிமீட்டராக ஆனது. முதன்மைச் சக்கரத்தின் டயர் 660 மில்லிமீட்டரிலிருந்து 800 ஆனது. அதை உள்ளடக்க, உடலின் மேற்புறத்தில் புடைப்பும் பெரிதானது. 1/72-இல் இந்த வாய் 9.6 மில்லிமீட்டரா, 12.1 மில்லிமீட்டரா என்பதே விமானத்தின் முகத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு ரகத்தின் பக்கவாட்டுத் தோற்றத்தையும் இன்னொரு ரகத்தின் நீளத்தையும் சேர்த்து வரைந்த படம், எந்தப் படையிலும் பறக்காத ஒரு விமானத்தின் படமாகிவிடும்.

அப்படியானால் நம்பத்தக்க சான்றுகள் எவை? முதலாவது, பழுதுபார்ப்போருக்காக ஆலை வெளியிட்ட தொழில்நுட்ப விளக்க நூல்கள். அவற்றில் ஒரு படம் மாதிரி செய்வோருக்குப் பொன்னானது. அது விமானத்தின் மட்டச் சரிபார்ப்புப் படம். சோவியத் விமானங்களின் உடலிலும் இறக்கையிலும் சில குறிப்பிட்ட புள்ளிகள் அடையாளமிடப்பட்டிருக்கும். கடினமான தரையிறக்கத்துக்குப் பிறகோ பெரிய பழுதுக்குப் பிறகோ, விமானத்தின் உடல் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்பதை அந்தப் புள்ளிகளுக்கு இடையிலான உயர வேறுபாட்டை அளந்து உறுதிசெய்வார்கள். விமானம் பாதுகாப்பாகப் பறக்க வேண்டும் என்பதற்காகவே எடுக்கப்பட்ட அளவுகள் என்பதால், விளம்பர ஏட்டில் உள்ள முழு எண்களைவிட அவை நம்பகமானவை. உடலின் குறுக்குச் சட்டங்களுக்கு மூக்கிலிருந்து வரிசையாக எண் இடுவது சோவியத் வழக்கம். எந்தச் சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால், தகடுகளின் இணைப்புக் கோடுகளும் இறக்கை பொருந்தும் இடமும் தாமே புலப்படும்.

இரண்டாவது சான்று, பொழுதுபோக்காளர்களுக்காக வெளியான வரைபடங்கள். 1966 முதல் மாஸ்கோவிலிருந்து வெளிவந்த 'மாடலிஸ்ட்-கான்ஸ்ட்ருக்தோர்' இதழும், போலந்து, செக்கோஸ்லோவாகிய இதழ்களும் இவ்வகையில் புகழ்பெற்றவை. இவற்றின் தரம், வரைந்தவருக்கு எந்தச் சான்று கிடைத்தது என்பதைப் பொறுத்தது. அச்சேறியபோதும், நகலெடுத்தபோதும், ஸ்கேன் செய்தபோதும் படம் நீளவாக்கில் ஒரு விதமாகவும் அகலவாக்கில் வேறு விதமாகவும் மாறியிருக்கக் கூடும். காகிதமே ஈரப்பதத்தில் விரியும். இழை ஓடும் திசையைவிட அதன் குறுக்கே கூடுதலாக விரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவில் காகிதம் எப்படி இருக்கும் என்பதை நாம் அறிவோம். 304 மில்லிமீட்டர் நீளப் படம் நூற்றுக்கு ஒரு பங்கு விரிந்தாலே மூன்று மில்லிமீட்டர் போய்விடும்.

எனவே, எந்த வரைபடத்தையும் மூன்று வகையில் சோதிக்க வேண்டும். உறுதியாகத் தெரிந்த ஓர் அகலத்தையும் ஒரு நீளத்தையும் தனித்தனியே அளந்து, இரண்டும் ஒரே விகிதத்தைத் தருகின்றனவா என்று பார்க்க வேண்டும். பக்கத் தோற்றத்தில் உள்ள இறக்கையின் வேர்ப்பகுதி, மேல் தோற்றத்தில் உள்ளதோடு நேராகப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இறுதியாக, படத்தைப் புகைப்படங்களோடு ஒப்பிட வேண்டும். மூன்றிலும் தேறாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சுவரில் மாட்டத்தான் உதவும்.

புகைப்படமும் பொய் சொல்லும். சுகோய்-30-ஐப் பக்கவாட்டிலிருந்து, அருகிலுள்ள இறக்கை நுனிக்கு 15 மீட்டர் தொலைவில் நின்று படமெடுத்தால், மறுபக்க நுனி ஏறக்குறைய 30 மீட்டர் தொலைவில் இருக்கும். அருகிலுள்ள நுனி, தொலைவிலுள்ளதைப் போல் இரு மடங்கு பெரிதாகத் தெரியும். அதே படத்தை 150 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால் வேறுபாடு பத்து சதவீதமாகக் குறையும். ஆகவே, அளவெடுக்க உதவும் புகைப்படம், தொலைவிலிருந்து, விமானத்துக்குச் சரியாகச் செங்குத்தான திசையில், தொலைநோக்கு லென்ஸால் எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அத்தகைய படத்தில் உறுதியாகத் தெரிந்த ஒரே ஒரு நீளம் இருந்தால், மற்றவற்றைக் கணக்கிட்டுவிடலாம். டயர் அதற்கு நல்ல துணை. அதன் அளவு பெரும்பாலும் டயரின் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். விமானத்தின் எடையில் அடிப்பக்கம் அமுங்கியிருக்கும் என்பதால், டயரை மேலிருந்து கீழாக அளக்காமல் இடமிருந்து வலமாக அளக்க வேண்டும். விமானத்தின் உயரம் நூலுக்கு நூல் மாறுவதற்கும் இந்த அமுங்கலே ஒரு காரணம். எரிபொருள் நிரம்பிய விமானமும் வெறும் விமானமும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை.

இந்த முறையின் தத்துவத்தைச் சுவாமிமலையில் இன்றும் காணலாம். ஐம்பொன் படிமம் செய்யும் சிற்பிகள், செய்யப்போகும் உருவத்தின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்துப் பங்குகளைக் குறித்துக்கொள்கிறார்கள். 'ஒடியோலை' என்பது அதன் பெயர். உத்தம தச தாலத்தில் முழு உயரம் 124 அங்குலமாகப் பகுக்கப்படும். இந்த அங்குலம் கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலம் அல்ல. அந்தப் படிமத்துக்கே உரிய அங்குலம். முகம் இத்தனை, கழுத்து இத்தனை என்று எல்லாம் அந்த ஓலைக்குள்ளேயே அடங்கும். படிமம் விரல் அளவானாலும் ஆள் உயரமானாலும் விகிதம் மாறாது. புகைப்படத்தில் டயரை அலகாகக் கொண்டு விமானத்தை அளப்பவரும் அதே ஒடியோலையைத்தான் மடிக்கிறார். ஆறாம் வகுப்பில் கற்பிக்கப்படும் விகிதமும் விகிதசமமும் தவிர இதற்கு வேறு கணிதம் தேவையில்லை.

எல்லாச் சான்றுகளுக்கும் மேலான சான்று விமானமேதான். தில்லி பாலம் விமானப் படை அருங்காட்சியகத்தில் சுகோய்-7, மிக்-21 ஆகியவை உள்ளன. பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் பாரம்பரிய மையத்திலும் மிக்-21 நிற்கிறது. தமிழகத்தின் அரக்கோணம் 'ஐ.என்.எஸ். ராஜாளி' கடற்படை விமானத் தளத்திலிருந்து பறந்த டியு-142 கண்காணிப்பு விமானங்கள் 2017-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் தேதி ஓய்வு பெற்றன. அவற்றில் ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாகி, அதே ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்டது. நுனிக்கு நுனி சுமார் 50 மீட்டர் அகலம் கொண்ட அந்தப் பெரும்பறவையை இன்று கட்டணம் செலுத்தி எவரும் சுற்றிப் பார்க்கலாம்.

நின்றிருக்கும் விமானத்தை அளக்க விலையுயர்ந்த கருவிகள் கட்டாயமில்லை. நம் கொத்தனார்கள் வைத்திருக்கும் தூக்குக் குண்டும் ரசமட்டமும் அளவு நாடாவும் போதும். மூக்கு, இறக்கை நுனி, வால் முனை ஆகியவற்றிலிருந்து தூக்குக் குண்டை இறக்கித் தரையில் புள்ளியிட்டு, புள்ளிகளுக்கிடையே நாடாவைப் பிடித்தால், வளைவுகளின் குறுக்கீடு இல்லாத நேர் அளவு கிடைக்கும். உடலின் வளைவைத் தடித்த அட்டையை வெட்டிப் பொருத்திப் படியெடுக்கலாம். இன்றைய கைப்பேசியால் நாலாபக்கமும் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்து, மென்பொருளின் துணையோடு முப்பரிமாண உருவத்தையும் பெறலாம். ஆனால், படத்துக்குள் ஓர் உண்மையான அளவுகோல் இருந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் கணினி தருவது வடிவம் மட்டுமே, அளவு அல்ல. இங்கும் கோலைக் குறிப்பிட்டே தீர வேண்டியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் இங்கு தேவை. இவையெல்லாம் ஓய்வு பெற்று, பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட விமானங்களுக்கு மட்டுமே பொருந்தும். அங்கும் நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்ற பிறகே தொட்டு அளக்க வேண்டும். தஞ்சாவூர் தளம் பணியிலுள்ள படைத்தளம். அதன் வேலிக்கு வெளியே நின்று படமெடுப்பதும் குறிப்பெடுப்பதும் பொழுதுபோக்கு ஆகாது. 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம், எதிரிக்குப் பயன்படக்கூடிய வரைபடம், திட்டப்படம் ஆகியவற்றோடு மாதிரி உருவையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சுகோய்-30 செய்ய விரும்பும் மாணவர், வெளியிடப்பட்ட அளவுகளையும் அதிகாரபூர்வமாக வெளியான படங்களையும் கொண்டே செய்யலாம், அவையே போதும்.

பொம்மை செய்வதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று கேட்கலாம். மாதிரி உரு என்பது முப்பரிமாண வரலாறு. மிக்-21 விமானங்களை நாசிக்கில் நூற்றுக்கணக்கில் உருவாக்கிய நாடு இது. கோராபுட்டில் எஞ்சின் வார்த்தும், ஹைதராபாதில் மின்னணுக் கருவி பொருத்தியும் ஒரு தலைமுறைத் தொழிலாளர்கள் அவற்றில் தொழில் கற்றனர். விமானிகள் பலர் அவற்றில் உயிர் நீத்தனர். அந்த விமானத்தின் வடிவத்தை அறிய, வெளிநாட்டு இதழ் ஒன்றின் மங்கிய நகலைத் தேடுவது நமக்குப் பெருமை தருவதல்ல. மேலும், காலம் காத்திருக்காது. ஓய்வு பெற்ற விமானங்களில் பெரும்பகுதி பழைய இரும்பாக உடைபடும். திறந்தவெளியில் நிற்பவற்றை வெயிலும் மழையும் கடற்காற்றும் அரிக்கும். புதுப்பிக்கும்போது, காணாமற்போன பாகத்துக்குப் பதிலாக வேறு ரகத்தின் பாகம் பொருத்தப்படுவதும் உண்டு. அதன்பின் எடுக்கும் அளவு, ஒட்டுப்போட்ட விமானத்தின் அளவாகத்தான் இருக்கும்.

செய்ய வேண்டியவை எளியவை. ஓய்வு பெற்ற விமானத்தை ஒரு நகரத்துக்கோ கல்லூரிக்கோ காட்சிக்கு வழங்கும்போது, அதன் துல்லியமான ரகம், வரிசை எண், உருவாக்கிய ஆண்டு ஆகியவற்றோடு, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை என்ற குறிப்புடன் கூடிய அளவுகளையும் விமானப் படையும் கடற்படையும் பலகையில் எழுதி வைக்கலாம். வானூர்திப் பொறியியல் கற்பிக்கும் கல்லூரிகள் தமிழகத்தில் பல உள்ளன. காட்சி விமானம் ஒன்றை முறையாக அளந்து, பிழை வரம்புடன் வரைபடமாக்குவதை இறுதியாண்டுத் திட்டப்பணியாக அவை ஏற்கலாம். அந்த வரைபடங்களை யாரும் எடுத்தாளும்படி பொதுவில் வைக்கலாம். சேவையிலிருந்து முழுவதும் நீங்கிவிட்ட சுகோய்-7, மிக்-27, டியு-142 போன்றவற்றின் பழைய கையேடுகளில் ரகசியம் எதுவும் எஞ்சவில்லை என்று பாதுகாப்புத் துறை கருதுமானால், அவற்றின் அளவுப் பக்கங்களையாவது ஆவணக் காப்பகத்தில் சேர்க்கலாம்.

மிக்-21 வானிலிருந்து இறங்கிவிட்டது. அது உடைபடும் முன், அரிக்கப்படும் முன், ஒரு முறையேனும் நாமே நாடா பிடித்து அளந்து, எங்கிருந்து எதுவரை என்று எழுதி வைத்துவிட வேண்டும். நிலத்தை அளந்தபோது கோலையும் சுவரில் பொறித்து வைத்த மண்ணில், இது இயலாத காரியம் அல்ல.